கைக்குழந்தையும் கோடை வேர்க்குருவும்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை மருத்துவரின் பதில்கள்

பங்குனி பிறந்ததிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கைக்குழந்தைகளின் வேர்க்குருவைப் பற்றியவையாகவே இருக்கின்றன. பாறைக் குன்றுகள் சூழ்ந்த நம் ஊர்களில் பகல் முழுவதும் காய்ந்த கல்லும் கூரையும் இரவிலும் அனல் விடுவதால், பெரியவர்களே புழுக்கம் தாங்காமல் வாசலில் பாய் விரிக்கும் இந்த நாட்களில், சொல்லத் தெரியாத குழந்தைகள் படும் பாட்டைத் தாய்மார்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பதில்கள் அனைத்தையும் இந்த ஒரு தொல்லைக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்களுக்கு முதல் குழந்தை, நான்கு மாதம் நிறைந்த பெண் குழந்தை. சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் குடியிருக்கிறோம். இரண்டு வாரமாகக் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது. மூன்று வேளையும் பவுடர் போடுகிறேன். குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகிறது, இரவெல்லாம் சிணுங்குகிறாள். என்ன மருந்து பூச வேண்டும், டாக்டர்? (ஒரு தாய், பாலக்கோடு)

பதில்: உங்கள் மகளுக்கு இப்போதைக்கு எந்த மருந்தும் பூச வேண்டாம், முதலில் அந்தப் பவுடரை நிறுத்துங்கள். அதற்கான காரணத்தைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் காரணம் புரிந்துவிட்டால் மற்ற யோசனைகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

குழந்தை பிறக்கும்போதே அதன் உடலில் வியர்வைச் சுரப்பிகள் ஏறத்தாழ முழு எண்ணிக்கையில் இருக்கின்றன. ஆனால் சுரந்த வியர்வையைத் தோலின் மேற்பரப்புக்குக் கொண்டுவரும் நுண்ணிய குழாய்கள் இன்னும் முதிர்ச்சி அடைந்திருப்பதில்லை. வெப்பத்தில் தோல் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும்போது, அதன் மேலடுக்கு ஊறி உப்புவதாலும், தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகை பாக்டீரியா சுரக்கும் பசைப்பொருளாலும் அந்தக் குழாய்களின் வாய் அடைபடுகிறது. ஊற்றுக்கண்ணை மண் மூடினால் நீர் பக்கவாட்டில் கசிவதைப் போல, வெளியேற வழியில்லாத வியர்வை தோலுக்குள்ளேயே கசிந்து, அந்த இடம் சிவந்து அரிக்கிறது. அடைப்பு மிக மேலாக இருந்தால் நீர்த்துளி போன்ற தெளிந்த சிறு கொப்புளங்கள் தோன்றும். பிறந்த ஓரிரு வாரங்களில் காணப்படும் இவை அரிப்பதில்லை, தொட்டாலே உடைந்து தாமாக மறைந்துவிடும். அடைப்பு சற்று ஆழத்தில் இருந்தால் உங்கள் மகளுக்கு வந்திருப்பது போன்ற சிவந்த, குத்தும் வேர்க்குரு உண்டாகும்.

இப்போது பவுடர் என்ன செய்கிறது என்று பாருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டுமுன் அதன் முகவாயை மெதுவாக உயர்த்திக் கழுத்து மடிப்பை விரித்துப் பார்த்தால், காலையில் போட்ட பவுடர் வியர்வையில் குழைந்து, வெண்மையான மாவுத் திரியாக மடிப்பின் அடியில் படிந்திருப்பதைக் காண்பீர்கள். அந்தத் திரிக்குக் கீழே உள்ள தோல்தான் எல்லா இடங்களையும்விடச் சிவந்திருக்கும். அடைபட்ட குழாயின் மேல் இன்னொரு அடைப்பை நாமே மூன்று வேளையும் வைக்கிறோம் என்பதே இதன் பொருள். அதோடு, தட்டும்போது எழும் தூளைக் குழந்தை மூச்சில் இழுத்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம். சோளமாவில் செய்த பவுடருக்கும் இது பொருந்தும். பெரியவர்களுக்கென்று விற்கப்படும் குளிர்ச்சியூட்டும் வேர்க்குருப் பவுடர்களில் மென்தால், கற்பூரம், போரிக் அமிலம் போன்றவை சேர்க்கப்படுவதுண்டு. அவற்றைக் கைக்குழந்தையின் அருகிலேயே கொண்டுபோகக் கூடாது.

செய்ய வேண்டியது, தோலின் மேல் வியர்வை தங்காமல் பார்த்துக்கொள்வதும் காற்றுப் படவிடுவதும்தான். காலையிலும் மாலையிலும் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் குறைந்த வெதுவெதுப்பான நீரில் சில நிமிடங்கள் குளிப்பாட்டுங்கள். இரு வேளையில் ஒரு வேளைக்கு மட்டும் மென்மையான சோப்பு போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய மடிப்புகளை விரித்து, ஈரம் முழுவதும் உலரும்வரை உடுப்பின்றிச் சிறிது நேரம் காற்றாடப் படுக்க வையுங்கள். மின்விசிறி ஓடினால் சளி பிடிக்கும் என்ற அச்சம் வேண்டாம். சளி கிருமியால் வருவது, காற்றால் அன்று. வியர்த்துக் கிடக்கும் குழந்தைக்கு விசிறிக் காற்று பெரும் உதவி.

குழந்தை படுக்கும் இடத்தையும் கவனியுங்கள். நம் வீடுகளில் சிறுநீர் பட்டுப் படுக்கை நனையாமலிருக்க விரிக்கும் ரப்பர் ஷீட்டின் மேல் ஒரு மெல்லிய துணியை மட்டும் போட்டுப் படுக்க வைத்தால், முதுகின் வியர்வை போக இடமின்றி அங்கேயே தேங்கும். முதுகில் வரும் வேர்க்குருவுக்கு நான் பார்த்தவரையில் இதுவே முதல் காரணம். வெயில் காலத்தில் பகலில் அதை எடுத்துவிட்டுக் கோரைப்பாயின் மேல் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக விரித்துப் படுக்க வையுங்கள். துணி நனைந்தால் மாற்றிக்கொள்ளலாம். தூளி கட்டும் புடவை நைலான் அல்லது பாலியெஸ்டராக இருந்தால், பழைய நூல்புடவைக்கு மாற்றுங்கள். நூல்புடவையே ஆனாலும் தூளி குழந்தையின் இரு பக்கத்தையும் ஒட்டிப் பிடிப்பதால், உச்சி வெயில் நேரத்தில் பாயே நல்லது. பால் கொடுக்கும்போது உங்கள் முழங்கை மடிப்பில் குழந்தையின் கன்னமும் பிடரியும் அழுந்தி இருவருக்கும் வியர்க்கும். இடையில் ஒரு பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். ஈரம் ஊறிய கயிறு தோலை அறுப்பதோடு, எதிலாவது சிக்கிக் கழுத்தை இறுக்கும் ஆபத்தும் உண்டு.

சிமென்ட் ஷீட் கூரையின் அனலைக் குறைக்க, மேற்புறம் சுண்ணாம்பு அடிப்பதும், தென்னங்கீற்று பரப்புவதும் பலன் தரும். இவ்வளவும் செய்தால் மூன்று நான்கு நாட்களில் சிவப்பு தணியத் தொடங்கும். அரிப்பு மிகுதியாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காலமைன் லோஷனை முதுகில் மட்டும் மெல்லியதாகத் தடவலாம். கழுத்து மடிப்பில் வேண்டாம், அது வாய்க்குப் போய்விடும். ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ, குருக்களில் சீழ் கோத்தாலோ, சுற்றியுள்ள தோல் வீங்கிச் சூடாகிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ நேரில் காட்ட வேண்டும்.

கேள்வி: இரண்டரை மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறேன். மாம்பழம் சூடு, நான் சாப்பிட்டால் பாலில் இறங்கிக் குழந்தைக்கு வேர்க்குரு போடும் என்று மாமியார் தடுக்கிறார். எங்கள் தோட்டத்திலேயே செந்தூரா காய்த்துத் தொங்குகிறது. சாப்பிடலாமா? (ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். தாய் உண்ணும் மாம்பழம் குழந்தையின் வியர்வைக் குழாயை அடைப்பதில்லை. மாம்பழமும் வேர்க்குருவும் நம் பக்கத்தில் ஒரே பருவத்தில் வருவதால், ஒன்றால்தான் மற்றொன்று வருகிறது என்று முன்னோர் கருதியிருக்கலாம். உங்கள் மாமியார் குழந்தையின் மேலுள்ள அக்கறையால்தான் சொல்கிறார். அவரிடம் மருத்துவர் சொன்னார் என்று இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு வைட்டமின் ஏ சத்து வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. பழுத்த மாம்பழம் அதற்கு நல்ல வழி. பிள்ளை பெற்றவளுக்கு இதைக் கொடுக்காதே, அதைக் கொடுக்காதே என்று விலக்கி விலக்கிக் கடைசியில் இரசம் சோற்றோடு நிறுத்திவிடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. இந்த வெயிலில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே: தாகத்துக்குக் காத்திராமல் நீர், மோர், இளநீர் என்று நிறையக் குடியுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு எட்டு மாதம். உடம்பெல்லாம் வேர்க்குரு. நாங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் சந்தனம் அரைத்துப் பூசுவோம், நுங்குத் தண்ணீர் தடவுவோம், வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரில் குளிப்பாட்டுவோம். மருமகள் எதையும் செய்யவிட மாட்டேன் என்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதையும் நிறுத்தச் சொல்கிறாள். இதில் தவறு என்ன, டாக்டர் ஐயா? (ஒரு பாட்டி, அரூர்)

பதில்: அம்மா, உங்கள் கைப்பக்குவத்தில் எது உதவும், எது இப்போது உதவாது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நுங்குத் தண்ணீரைத் தடவும்போது கிடைக்கும் சுகம் அதன் குளிர்ச்சியால் வருவது. அது காய்ந்தபின் தோலில் இனிப்புப் பிசுக்கு நிற்கும். எறும்பும் ஈயும் வரும். அதே குளிர்ச்சியைச் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியே தந்துவிடும். பத்து நிமிடம் முதுகில் வைத்து எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள். நுங்கைப் பிசைந்து, கட்டியில்லாமல் பேரனுக்கு ஊட்டலாம். எட்டு மாதத்தில் அது நல்ல உணவுதான். சந்தனத்தைப் பொறுத்தவரை, கடையில் வாங்கும் பொடியிலும் வில்லையிலும் நிறமும் மணமும் கலந்திருக்கும், அவை குழந்தையின் தோலைக் கடிக்கும். வீட்டிலேயே கல்லில் உரைத்ததானாலும், கெட்டியாகப் பூசிக் காயவிட்டால் அதுவும் துவாரங்களை மூடும் ஒரு பற்றுத்தான். வேப்பிலைக் குளியலால் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தீங்கு வருவதில்லை. நீர் மிதமான சூட்டில் இருக்கட்டும். குளித்தபின் நல்ல நீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். இலையை அரைத்துப் பூசாதீர்கள். உள்ளுக்குக் கொடுக்கவே வேண்டாம். வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.

எண்ணெய்க் குளியலில்தான் உங்கள் மருமகள் பக்கம் நிற்கிறேன். எண்ணெய் தோலின் மேல் படலமாகப் படிந்து வியர்வையைத் தடுப்பதால், வேர்க்குரு இருக்கும்வரை தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எதுவும் வேண்டாம். தோல் தெளிந்து, வெயிலும் தணிந்தபின் மீண்டும் தொடங்குங்கள். உங்கள் கைபட்டுத் தேய்க்கும் சுகத்தை அந்தக் குழந்தை ஏன் இழக்க வேண்டும்? கடலைமாவும் பயத்தமாவும் இப்போது தேய்க்க வேண்டாம், அவற்றின் சொரசொரப்பு சிவந்த தோலைக் கீறிவிடும். சாம்பிராணிப் புகையை மட்டும் வெயில் காலம், மழைக்காலம் என்றில்லாமல் அறவே விட்டுவிடுங்கள். குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு அது கேடு.

கேள்வி: குழந்தைக்கு ஏழு மாதம். தொடை இடுக்கில் வேர்க்குரு வந்ததற்கு மருந்துக் கடையில் கேட்டபோது ஒரு கிரீம் கொடுத்தார்கள். இரண்டே நாளில் மறைந்துவிட்டது. நிறுத்தினால் திரும்ப வருகிறது. ஆகவே ஒன்றரை மாதமாகப் போட்டு வருகிறேன். இப்போது அந்த இடம் மெலிந்து பளபளப்பாகத் தெரிகிறது. தொடர்ந்து போடலாமா? (ஒரு தாய், ஓசூர்)

பதில்: உங்கள் கடிதம்தான் இம்முறை வந்தவற்றுள் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது. நீங்கள் அனுப்பியுள்ள அட்டைப்பெட்டியின் படத்தில் குளோபெட்டசால் என்ற பெயர் இருக்கிறது. அது தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமானது. அதோடு பூஞ்சை மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்து ஒரே குழாயில் அடைத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் சிவப்பு மறைந்தது நோய் குணமானதால் அன்று, ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கியதால். குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரியவர்களுடையதைவிட மிகுதி. தொடை இடுக்கோ உடலிலேயே மெல்லிய தோல் உள்ள இடங்களில் ஒன்று. அதன் மேல் டயாப்பரும் மூடியிருந்தால் மருந்து இன்னும் மிகுதியாக உடலுக்குள் இறங்குகிறது. இதனால் தோல் மெலிவதோடு, பூஞ்சைத் தொற்று மறைந்திருந்து பெருகவும், நாள்பட்டால் முகம் உப்பி, உடலுக்குத் தேவையான இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும் குழந்தையின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளவும் கூடும்.

இதன் காரணமாகவே, இவ்வளவு நாள் போட்ட கிரீமை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடவும் வேண்டாம். இந்த வாரத்திலேயே, முடிந்தால் நாளையே, கிரீம் குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பாருங்கள். படிப்படியாகக் குறைக்கும் முறையை அவர் சொல்வார். குழந்தை சோர்ந்து, பால் குடிக்காமல், வாந்தி எடுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் தொடை இடுக்கில் மட்டும் வருவது வெறும் வேர்க்குருவாக இல்லாமல் பூஞ்சையாகவும் இருக்கலாம். மடிப்பின் அடியாழம் வரை அடர்சிவப்பாக இருந்து, விளிம்பைச் சுற்றிச் சிறு சிறு புள்ளிகள் சிதறியிருந்தால் அந்த ஐயம் வலுப்படுகிறது. டயாப்பரை வெளியே செல்லும்போது மட்டும் போட்டு, வீட்டில் துணிக் கோவணமோ வெறும் உடம்போ போதும் என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மருந்துக் கடையில் தோல் கிரீம் கேட்டு வாங்கும் பழக்கம் உள்ள மற்ற தாய்மாருக்கும் சொல்கிறேன்: பெட்டியில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதைக் குழந்தையின் மேல் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்கிறார்கள். அதில் குளிப்பாட்டுவதால்தான் குழந்தைக்கு வேர்க்குரு வருகிறதா? (ஒரு தந்தை, பென்னாகரம்)

பதில்: இல்லை. புளோரைடு குடிப்பதன் வழியாகப் பல்லையும் எலும்பையும் பாதிப்பது. குளிப்பதால் வேர்க்குருவை உண்டாக்காது. ஆனால் நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்புநீராக இருப்பதால் சோப்பு நுரைக்காமல் திரிந்து, தோலில் படிந்து உறுத்தும். ஆகவே சோப்பைக் குறைத்து, கடைசியில் இரண்டு குவளை நல்ல நீர் ஊற்றி அலசுங்கள். குளிக்கும் நீரில் கிருமிநாசினித் திரவம் கலப்பவராக இருந்தால் அதையும் நிறுத்துங்கள். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சவும் குடிக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் புளோரைடு போய்விடும் என்று எண்ண வேண்டாம், நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

கேள்வி: பதினோரு மாதப் பையனுக்கு நெஞ்சிலும் முதுகிலும் பொரிப் பொரியாக வந்திருக்கிறது. அம்மை போட்டிருக்கிறது, குளிப்பாட்டாதே, மருத்துவமனைக்குக் கொண்டுபோகாதே என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். வேர்க்குருவா அம்மையா என்று எப்படி அறிவது? (ஒரு வாசகி, ஊத்தங்கரை)

பதில்: வேர்க்குருவினால் காய்ச்சல் வராது, குழந்தை அரிப்பில் சிணுங்குமே தவிர முகம் வாடாது. குருக்கள் ஒரே மாதிரி இருக்கும், உடுப்பு மூடிய இடங்களிலும் மடிப்புகளிலும் திரளும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வாராது. குளிப்பாட்டிக் காற்றில் வைத்தால் சில மணி நேரத்தில் சிவப்பு சற்றாவது மங்கும்.

சின்னம்மையில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும். சிவந்த புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கலந்து காணப்படுவது அதன் அடையாளம். தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும்கூட வரும். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கடந்த இரண்டு மூன்று வாரங்களில் யாருக்காவது வந்திருந்தால் ஐயம் வலுக்கிறது. தட்டம்மையாக இருந்தால், முதலில் கடுங்காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு ஆகியவை வந்து, சில நாள் கழித்தே காதுக்குப் பின்னாலிருந்தும் முகத்திலிருந்தும் தடிப்பு கீழிறங்கும். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி உங்கள் மகனுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

வாசலில் வேப்பிலை கட்டுவதும் நேர்ந்துகொள்வதும் உங்கள் நம்பிக்கை. அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அம்மையேயானாலும் குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதும், வெதுவெதுப்பான நீரில் உடம்பைச் சுத்தம் செய்வதும் கட்டாயம். குளிப்பாட்டாமல் வைத்து, சொறிந்த இடங்களில் சீழ்பிடித்த பிறகு வரும் குழந்தைகளுக்குத்தான் தழும்பு ஆழமாக விழுகிறது. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அழுத்தினாலும் மறையாத ஊதா நிறப் புள்ளிகள், மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம் ஆகியவை கண்டால், எந்த நோய் என்று ஆராய்ந்துகொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் கண்டாலே, பொரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: மகள் குறைமாதத்தில் பிறந்தாள், இப்போது ஒரு கிலோ 900 கிராம். நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறையைச் சொல்லி அனுப்பினார்கள். இந்த வெயிலில் எங்கள் இருவருக்கும் வியர்த்து, அவள் நெஞ்சில் நீர்முத்துப் போல் பொரிந்திருக்கிறது. நிறுத்திவிடலாமா? (ஒரு தாய், காரிமங்கலம்)

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. எடை குறைந்த குழந்தைக்கு உங்கள் நெஞ்சின் அணைப்பு உடல் வெப்பத்தைச் சீராக வைப்பதோடு, தொற்றிலிருந்து காத்து, பால் குடிக்கவும் எடை கூடவும் உதவுகிறது. உலக சுகாதார நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி முதல் 24 மணி நேரம் வரை இதைப் பரிந்துரைக்கிறது. நீர்முத்துப் பொரிப்பு தானாகவே போய்விடும். உங்களைச் சுற்றிக் கட்டும் துணி மெல்லிய நூல்துணியாக இருக்கட்டும். பால் கொடுக்க எடுக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் நெஞ்சையும் அவள் நெஞ்சையும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் மீண்டும் அணையுங்கள். விசிறிக் காற்று அவள் மேல் நேராக வீசாமல் அறைக்குள் சுழலும்படி வையுங்கள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் குல்லாயையும் காலுறையையும் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள், குறையாவிட்டாலும், 36.5-க்குக் கீழே இறங்கினாலும், உங்கள் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் குளிர்ப் பகுதி. மார்கழியில்கூட என் குழந்தைக்கு வேர்க்குரு வந்தது. இது எப்படி? (ஒரு வாசகர், தளி)

பதில்: ஸ்வெட்டர், குல்லாய், காலுறை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் பாட்டியின் சால்வை என்று சுற்றினால், வெளியே பனி பெய்தாலும் குழந்தைக்கு உள்ளே கோடைதான். கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்துக் குளிர்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு அவை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பிடரியில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் ஓர் உடுப்பைக் குறையுங்கள். நீங்கள் அணிந்திருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தால் போதுமானது.

கேள்வி: மூன்று மாதக் குழந்தை. வெயிலுக்கு நாக்கு வறளுமே, ஒரு பாலாடை தண்ணீர் கொடுத்தால் உடம்புச் சூடு தணிந்து வேர்க்குரு குறையாதா? (ஒரு பாட்டி, பர்கூர்)

பதில்: ஆறு மாதம் நிறையும்வரை தண்ணீர் வேண்டாம் அம்மா, தாய்ப்பாலின் பெரும்பகுதி தண்ணீரே. வெயில் நாளில் குழந்தை அடிக்கடி பால் தேடும், தேடும்போதெல்லாம் கொடுக்கச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு ஆறு முறையாவது, அடர்மஞ்சளாக இல்லாமல் சிறுநீர் கழித்தால் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: நானும் என் கணவரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறோம். அங்கே தகரக் கொட்டகையில்தான் தங்குகிறோம். குழந்தைக்கு ஒன்பது மாதம். ஊரில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சென்ற முறை போனபோது உடம்பு முழுவதும் வேர்க்குரு போட்டுச் சீழ்கூட வைத்துவிட்டது. வரும் மாதம் மறுபடியும் போக வேண்டும். என்ன செய்வது? (ஒரு தாய், பாப்பிரெட்டிப்பட்டி)

பதில்: கொட்டகையை உங்களால் மாற்ற முடியாது என்பதை அறிந்தே எழுதுகிறேன். பகல் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை குழந்தை அந்தத் தகரத்தின் கீழ் இருக்கவே கூடாது. கட்டடத்தின் தளம் போட்டு முடிந்த கீழ்த்தளத்தில், தூசியும் சிமென்டும் பறக்காத, காற்று வரும் மூலையாகப் பார்த்து, இரவல் கேட்டாவது ஓர் இடம் பிடியுங்கள். சாரம், குழி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை அருகில் இல்லாதிருக்க வேண்டும், ஒரு பெரியவர் கண்காணிக்க வேண்டும். பணியிடத்தில் பிள்ளை பார்க்கும் அறை உண்டா என்று மேஸ்திரியிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டடப் பணியிடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறை அமைத்துத் தர வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. அருகில் அங்கன்வாடி இருந்தால் அங்கும் கேட்கலாம்.

கொட்டகைத் தகரத்தின் மேல் சாக்குகளைப் பரப்பி, பொழுது சாயும்போது தண்ணீர் தெளித்தால் இரவுப் புழுக்கம் குறையும். குழந்தைக்கு மெல்லிய பருத்திச் சட்டைகளாக நான்கைந்து எடுத்துச் செல்லுங்கள். வியர்வையில் நனைந்ததை உடனே மாற்றுங்கள். சிமென்ட் பட்ட உங்கள் கையையும் உடுப்பையும் கழுவி மாற்றாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். ஒன்பது மாதம் ஆகிவிட்டதால், காய்ச்சி ஆறிய நீரைப் பால் கொடுக்கும் இடைவெளிகளில் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உடம்பின் பெரும்பகுதியில் வேர்க்குரு பரவினால் அந்த இடங்களில் வியர்வை வெளியேறாது. அதனால் குழந்தையின் உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள இயலாமல் போகும். குழந்தையின் உடம்பு அனலாகக் கொதித்து, வியர்வையே இல்லாமல், துவண்டு கிடந்தால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைக் களைந்து, சாதாரண நீரால் உடம்பு முழுவதும் நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். கர்நாடகத்திலும் அதே எண்தான்.

சென்ற முறை சீழ் வைத்தது என்பதால், புறப்படுமுன் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை குழந்தையைக் காட்டி, எடை பார்த்து, தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்த அட்டையைக் காட்டினால் அங்குள்ள அரசு சுகாதார நிலையத்திலும் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.